உரிமம் என்னும் வாசல்: அமெரிக்க மாநிலங்களில் சிறாருக்கான மாற்றுவிப்புச் சிகிச்சைத் தடைச் சட்டங்கள், 2012–2025

கலிபோர்னியா மாநிலத்தின் சட்டத் தொகுப்புகளுள் ஒன்று தொழில்களுக்கும் பணிகளுக்கும் உரியது. மருத்துவர், முடிதிருத்துவோர், கட்டட ஒப்பந்தக்காரர், ஈமச்சடங்கு நிலையம் நடத்துவோர் என உரிமம் பெற்றுத் தொழில் செய்கிறவர்களுக்கான விதிகள் அதில் உள்ளன. 2012இல் அந்தத் தொகுப்பில் 865 என்ற எண்ணில் தொடங்கிச் சில பிரிவுகள் புதிதாகச் சேர்ந்தன. 18 வயது நிரம்பாதவரின் பாலீர்ப்பை மாற்ற முயலும் சிகிச்சையை மனநலப் பணியாளர் எவரும் எந்தச் சூழ்நிலையிலும் அளிக்கக் கூடாது என்பது அவற்றின் சாரம். மீறியவருக்குச் சிறை இல்லை. அது தொழில் ஒழுங்கீனமாகக் கொள்ளப்படும். உரிமம் கொடுத்த வாரியம் நடவடிக்கை எடுக்கும். அவ்வளவுதான்.

குழந்தைக்குத் தீங்கு நேராமல் தடுக்க வந்த சட்டம் குற்றவியல் தொகுப்பிலும் இல்லாமல், குழந்தைப் பாதுகாப்புச் சட்டத்திலும் இல்லாமல், முடிதிருத்துவோருக்கான விதிகளோடு ஏன் போய் உட்கார்ந்தது? இக்கட்டுரை பின்தொடர்வது இந்தக் கேள்வியைத்தான். உரிமம் என்ற வாசல் அரசுக்கு ஏற்கெனவே திறந்திருந்த வாசல்; அதன் வழியாகப் போனதால்தான் இச்சட்டங்கள் பத்தாண்டுகளுக்குள் ஏறத்தாழ இருபது மாநிலங்களில் பரவ முடிந்தது. அதே வாசல்தான் அவற்றைப் பேச்சுரிமை வழக்குகளின் நடுவே கொண்டுபோய் நிறுத்தியது. 2012இல் இயற்றப்பட்ட முதல் சட்டத்திலிருந்து 2025 அக்டோபரில் உச்ச நீதிமன்றத்தில் நடந்த வாதம் வரையிலான காலமே இங்கு எல்லை.

சொல் பற்றி ஒரு வார்த்தை. 'மாற்றுச் சிகிச்சை' என்று எழுதினால் நம் வாசகர் மனத்தில் சித்தமும் ஓமியோபதியும் வந்து நிற்கும். 'மதமாற்றம்' என்பதில் உள்ள மாற்றத்தின் நிழலும் இதன் மேல் விழுகிறது. அந்த நிழல் முழுக்கப் பொருத்தமற்றது என்றும் சொல்வதற்கில்லை. ஒருவரைப் பிறர் மாற்றுவிக்கும் முயற்சி இது என்பதால் 'மாற்றுவிப்புச் சிகிச்சை' என்றே இங்கு எழுதுகிறேன். இதைச் சிகிச்சை என்று அழைக்கலாமா என்பதே வழக்கின் ஒரு பகுதி என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

சிவப்பு வில்லை, நீல வில்லை

முதல் சட்டம் கலிபோர்னியாவில் பிறந்தது தற்செயல் அல்ல. இந்தச் சிகிச்சையின் வேர்களில் பலவும் அதே மண்ணில்தான் ஊன்றியிருந்தன. லாஸ் ஏஞ்சலிசில் உள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் ரெக்கர்ஸ், இவார் லோவாஸ் இருவரும் செய்த ஓர் ஆய்வு 1974இல் நடத்தைப் பகுப்பாய்வு ஆய்விதழ் ஒன்றில் வெளிவந்தது. ஆய்வுக்கு உட்பட்டவன் ஐந்து வயதைத் தொடவிருந்த ஒரு சிறுவன். 'பெண்மைத்தனம்' உடையவன் என்று கொண்டுவரப்பட்டவன். வீட்டில் ஆண்பிள்ளை போல நடந்துகொண்டால் நீல வில்லை, பெண்பிள்ளை போல நடந்தால் சிவப்பு வில்லை. நீலத்துக்குப் பரிசு கிடைக்கும். சிவப்பு வில்லைகள் சேர்ந்தால் அப்பாவிடம் அடி. சிகிச்சை வெற்றி பெற்றதாகப் பல ஆண்டுகள் மேற்கோள் காட்டப்பட்டது. அந்தச் சிறுவன் வளர்ந்து, 38 வயதில், 2003இல் தற்கொலை செய்துகொண்டார். 2011இல் அவருடைய குடும்பத்தார் ஊடகங்களிடம் பேசிய பிறகே வெளியுலகுக்கு இது தெரிந்தது. அந்த ஆய்விதழ் 2020இல் அக்கட்டுரையைப் பற்றித் தன் கவலையைப் பதிவு செய்தது.

மாற்றுவிப்பையே நோக்கமாகக் கொண்ட 'எக்சோடஸ்' என்ற கிறித்தவ அமைப்பு 1976இல் அனஹைமில் தொடங்கியது. தன்பாலீர்ப்பு ஒரு நோய் என்ற கருத்தை விட மறுத்த மனநல வல்லுநர்கள் 1992இல் 'நார்த்' என்ற சங்கத்தை நிறுவினர். அதன் நிறுவனர்களுள் ஒருவரான ஜோசப் நிக்கலோசி லாஸ் ஏஞ்சலிசின் என்சினோ பகுதியில் சிகிச்சையகம் நடத்தியவர். இவ்விரண்டும் கலிபோர்னியாவே.

இந்தக் கதையில் மிகச் சங்கடமான இடத்தில் நிற்பவர் ராபர்ட் ஸ்பிட்சர். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் அறங்காவலர் குழு 1973 டிசம்பரில் தன்பாலீர்ப்பை நோய்ப் பட்டியலிலிருந்து நீக்கியது. அதற்கான வரைவில் முதன்மைப் பங்கு அவருடையது. அடுத்த ஆண்டு எதிர்ப்பாளர்கள் கேட்டுக்கொண்டபடி உறுப்பினர்களிடையே வாக்கெடுப்பு நடந்தது. 58 விழுக்காட்டினர் முடிவை ஆதரித்தனர். ஒரு நோய் நோயா இல்லையா என்பதை வாக்குச்சீட்டு தீர்மானிக்கலாமா என்று அன்று கேலி பேசியவர்கள் உண்டு. நோய் என்று முதலில் எழுதிவைத்ததும் ஒரு குழுதான் என்பதை அவர்கள் மறந்துவிட்டார்கள். அதே ஸ்பிட்சர் 2003இல், தாங்கள் மாறிவிட்டதாகச் சொன்ன 200 பேரைத் தொலைபேசியில் பேட்டி கண்டு, சிலருக்கு மாற்றம் இயலும் என்று எழுதினார். மாற்றுவிப்போர் அதைக் கொடிபோலத் தூக்கிப் பிடித்தார்கள். தம் ஆய்வு முறையால் அந்தக் கூற்றைச் சரிபார்க்கவே முடியாது என்று 2012இல் ஒப்புக்கொண்டு, நேரத்தையும் மனத்தையும் இழந்தவர்களிடம் மன்னிப்புக் கேட்டு அதே ஆய்விதழுக்குக் கடிதம் எழுதினார். கலிபோர்னியாச் சட்டமன்றத்தில் மசோதா நகர்ந்துகொண்டிருந்த ஆண்டு அது.

அதற்குள் இன்னொரு கருவியும் கைக்கு வந்திருந்தது. அமெரிக்க உளவியல் சங்கம் அமைத்த பணிக்குழு 2009இல் அறிக்கை தந்தது. 1960 முதல் 2007 வரை வெளியான 83 ஆய்வுகளை அலசிய அக்குழு, பாலீர்ப்பை மாற்ற முடியும் என்பதற்கு நம்பத்தக்க சான்று இல்லை என்றது. பின்னால் வந்த சட்டங்கள் பலவற்றின் முகவுரையில் இந்த அறிக்கையைக் காணலாம். அந்த அறிக்கை எச்சரிக்கையோடு எழுதப்பட்டது. தீங்கு குறித்துச் சிலர் சொன்ன சாட்சியங்களைப் பதிந்தாலும், ஆய்வுமுறைகள் பலவீனமானவை என்பதால் தீங்கின் அளவைத் துல்லியமாகச் சொல்லவில்லை. அந்த நிதானமே பிற்காலத்தில் எதிர்த்தரப்பு வழக்கறிஞர்களுக்கு ஆயுதமாகும் என்று அதை எழுதியவர்கள் எண்ணியிருக்க வாய்ப்பில்லை.

ஏன் உரிமம்?

அமெரிக்காவில் மருத்துவத் தொழிலை ஒழுங்குபடுத்துவது மாநிலங்களின் அதிகாரம். உரிமம் இல்லாமல் மருத்துவம் பார்க்கக் கூடாது என்ற மேற்கு வெர்ஜினியாவின் சட்டத்தை உச்ச நீதிமன்றம் 1889இலேயே, டென்ட் வழக்கில், ஏற்றுக்கொண்டது. உளவியலாளருக்கு முதன்முதலில் உரிமச் சட்டம் கொண்டுவந்தது கனெக்டிகட், 1945இல். ஆலோசகர்களுக்கு உரிமம் 1976இல் வெர்ஜினியாவில் தொடங்கியது. ஆக, மனநலப் பணியாளர் எதைச் செய்யலாம், எதைச் செய்யக் கூடாது என்று சொல்ல அரசுக்குப் பழகிய பாதை ஒன்று இருந்தது.

மற்றப் பாதைகளில் தடைகள் இருந்தன. குற்றவியல் சட்டம் என்றால் பெற்றோரையும் போதகரையும் கூண்டில் ஏற்ற வேண்டிவரும். மத உரிமையும் பெற்றோர் உரிமையும் ஒருசேர எழுந்து நிற்கும். வயது வந்தவர்களையும் உள்ளடக்கினால், தானே விரும்பி வருகிறவரைத் தடுக்க அரசு யார் என்ற கேள்வி வரும். கலிபோர்னியா மசோதாவின் முதல் வடிவில் வயது வந்தோரிடம் எழுத்துமூலம் ஒப்புதல் பெற வேண்டும் என்ற பகுதியும் இருந்தது. திருத்தங்களின்போது அது உதிர்ந்தது. எஞ்சியது மிகக் குறுகிய சட்டம்: உரிமம் உள்ளவர், சிறார், மாற்றும் முயற்சி. இம்மூன்றும் ஒரே அறையில் கூடினால் மட்டுமே அது செயல்படும்.

மசோதாவைக் கொண்டுவந்தவர் மேலவை உறுப்பினர் டெட் லியூ. 2012 செப்டம்பர் இறுதியில் ஆளுநர் ஜெரி பிரௌன் கையெழுத்திட்டார். மை காய்வதற்குள் இரண்டு வழக்குகள் வந்தன. சாக்ரமென்டோவில் ஒரே கூட்டாட்சி மாவட்ட நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அடுத்தடுத்த நாட்களில் நேரெதிர் முடிவுக்கு வந்தார்கள். டிசம்பர் 3ஆம் தேதி வில்லியம் ஷப் வழக்குத் தொடுத்தவர்கள் அளவில் சட்டத்துக்குத் தடை விதித்தார். மறுநாள் கிம்பர்லி முல்லர் தடைவிதிக்க மறுத்தார். பதின்மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு உச்ச நீதிமன்றம் கேட்ட கேள்வி இந்த இரு நாட்களிலேயே முழுதாக முளைத்துவிட்டது: சிகிச்சையாளர் பேசுவது சிகிச்சையா, பேச்சா?

மின்னதிர்ச்சியும் குமட்டல் மருந்தும் கொடுத்த காலத்தில் இக்கேள்வி எழுந்திருக்காது. மின்கம்பியைப் பேச்சுரிமை காக்காது. அந்த முறைகள் 1970களுக்குப் பின் மெல்ல மறைந்து, நாற்காலியில் எதிரெதிரே உட்கார்ந்து பேசும் முறை மேலோங்கியது. சட்டம் வந்து சேர்ந்தபோது, தான் தடுக்க வந்த பொருள் உருமாறியிருந்தது. சட்டம் பிந்தி வந்தது என்பதை விட, சிகிச்சை முந்திக்கொண்டு சொல்லுக்குள் ஒளிந்துகொண்டது என்பதே எனக்குச் சரியாகப் படுகிறது.

இரு நீதிமன்றங்கள், ஒரே தீர்ப்பு, இரு காரணங்கள்

ஒன்பதாம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் 2013 ஆகஸ்டில் பிக்கப் எதிர் பிரௌன் வழக்கில் கலிபோர்னியாச் சட்டத்தை உறுதிசெய்தது. எழுதியவர் நீதிபதி சூசன் கிரேபர். அவர் பார்வையில் இது நடத்தையை ஒழுங்குபடுத்தும் சட்டம். சிகிச்சையாளர் இந்தச் சிகிச்சையைப் பற்றி மேடையில் பேசலாம், நோயாளியிடம் தம் கருத்தைச் சொல்லலாம், வேறு மாநிலத்துக்கோ போதகரிடமோ போகச் சொல்லலாம். சிகிச்சையாகச் செய்வதற்குத்தான் தடை. நடத்தை என்று ஆகிவிட்டால் அரசிடம் நியாயமான ஒரு காரணம் இருந்தால் போதும்.

நியூ ஜெர்சியில் குடியரசுக் கட்சி ஆளுநர் கிறிஸ் கிறிஸ்டி 2013 ஆகஸ்டில் கையெழுத்திட்டார். பெற்றோர் முடிவில் அரசு தலையிடுவதில் தமக்குத் தயக்கம் உண்டு, ஆயினும் குழந்தைகளின் உடல்நலத்துக்கு நேரும் அபாயம் அதை விடப் பெரிது என்பது அவர் சொன்ன விளக்கம். அந்தச் சட்டம் மூன்றாம் வட்ட நீதிமன்றத்துக்கு 2014இல் வந்தபோது, கிங் வழக்கில், நீதிபதி புரூக்ஸ் ஸ்மித் ஒன்பதாம் வட்டத்தின் தருக்கத்தை ஏற்கவில்லை. வாய்விட்டுச் சொல்லும் சொற்களை 'நடத்தை' என்று பெயர் மாற்றினால் அவை பேச்சாக இல்லாமல் போய்விடுமா என்று கேட்டார். இது பேச்சுதான், ஆனால் 'தொழில்முறைப் பேச்சு'. அதற்கு, வெறும் நியாயமான காரணத்துக்கும் மிகக் கடுமையான சோதனைக்கும் நடுவே உள்ள இடைநிலைச் சோதனை போதும், அச்சோதனையில் இச்சட்டம் தேறுகிறது என்று முடித்தார்.

இரண்டு தீர்ப்புகளும் சட்டத்தைக் காப்பாற்றின. காப்பாற்றிய முறையில் ஒன்றையொன்று மறுத்தன. உச்ச நீதிமன்றம் அன்று இரண்டையும் தொடவில்லை. வெற்றி வெற்றிதான் என்று ஆதரவாளர்கள் அடுத்த மாநிலத்துக்குப் போனார்கள். இரண்டு தூண்களும் வெவ்வேறு திசையில் சாய்ந்திருந்ததை அப்போது கவனித்தவர் அதிகம் இல்லை.

பரவல்

2014 டிசம்பர் இறுதியில் ஒகையோவில் 17 வயதுத் திருநங்கை ஒருவர் நெடுஞ்சாலையில் உயிரை மாய்த்துக்கொண்டார். தம்மை மாற்றச் சொல்லிச் சிகிச்சையாளர்களிடம் பெற்றோர் அனுப்பியதை எழுதிவைத்திருந்தார். அவர் பெயரில் தேசியத் தடை கோரிய மனுவில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் கையெழுத்திட, 2015 ஏப்ரலில் ஒபாமாவின் வெள்ளை மாளிகை சிறாருக்கான தடையை ஆதரிப்பதாக அறிவித்தது. தேசியச் சட்டம் வரவில்லை. உரிமம் மாநிலங்களின் கையில் இருப்பதால் பாதை மீண்டும் மாநிலத் தலைநகர்களுக்கே திரும்பியது.

ஒரேகன், இல்லினாய் 2015இலும், வெர்மான்ட் 2016இலும், நியூ மெக்சிகோ, நெவாடா, கனெக்டிகட், ரோட் ஐலண்ட் 2017இலும் சட்டம் இயற்றின. 2018இல் வாஷிங்டன், மேரிலாந்து, ஹவாய், டெலவேர், நியூ ஹாம்ப்ஷயர். 2019இல் நியூ யார்க், மாசச்சூசெட்ஸ், கொலராடோ, மெயின். மெயினில் ஓராண்டுக்கு முன்பு அப்போதைய ஆளுநர் பால் லெபாஜ் இதே போன்ற மசோதாவைத் தம் மறுப்பதிகாரத்தால் நிறுத்தியிருந்தார். இந்தப் பட்டியலில் கட்சிக் கோட்டைத் தேடுபவர்கள் சற்றே தடுமாறுவார்கள்: இல்லினாயின் ரௌனர், நெவாடாவின் சாண்டோவல், நியூ மெக்சிகோவின் மார்ட்டினெஸ், மேரிலாந்தின் ஹோகன், மாசச்சூசெட்சின் பேக்கர் எல்லோரும் குடியரசுக் கட்சியினர். இன்று அதே கட்சியின் ஓர் ஆளுநர் இப்படிக் கையெழுத்திடுவதைக் கற்பனை செய்வது கடினம்.

ஆலோசகர் உரிமத்தைக் கண்டுபிடித்த வெர்ஜினியா 2020இல் சேர்ந்தது; தென்மாநிலங்களில் அதுவே முதல்.

யூட்டாவை மட்டும் நின்று பார்க்க வேண்டும். அங்கே மார்மன் திருச்சபையின் சொல்லுக்குக் கனம் அதிகம். 2019இல் மசோதா குழுவிலேயே உருக்குலைந்தது. ஆளுநர் கேரி ஹெர்பர்ட் சட்டமன்றத்தை விட்டுவிட்டு உரிமத் துறையிடம் விதி எழுதச் சொன்னார். முதல் வரைவைத் திருச்சபை எதிர்த்தது. மதகுருமார் மதகுருமாராகச் செயல்படும்போது விதி தொடாது என்று தெளிவாக எழுதியதும் எதிர்ப்பு அடங்கி, 2020 ஜனவரியில் விதி நடைமுறைக்கு வந்தது. 2023இல் அதே சட்டமன்றம் அதை ஒருமனதாகச் சட்டமாக்கியது. விதி செய்த வேலையைப் பார்த்த பிறகு சட்டத்துக்குப் பயம் போய்விட்டது போலும். விஸ்கான்சினில் இதே வழி முட்டுச்சந்தானது. அங்கே தேர்வு வாரியம் 2020இல் விதி எழுத, சட்டமன்றக் குழு ஒன்று அதைத் திரும்பத் திரும்ப நிறுத்திவைத்தது. அந்தக் குழுவுக்கு அப்படி நிறுத்தும் அதிகாரம் இல்லை என்று மாநில உச்ச நீதிமன்றம் 2025 ஜூலையில்தான் சொன்னது.

யாரைத் தொடவில்லை?

வில்லியம்ஸ் ஆய்வு நிறுவனம் 2019இல் வெளியிட்ட மதிப்பீடு ஒன்று இச்சட்டங்களின் எல்லையை எண்ணில் காட்டுகிறது. 13 முதல் 17 வயதுள்ள பால்புதுமை இளையோரில், தடை இல்லாத மாநிலங்களில் உரிமம் பெற்றவர்களிடம் 18 வயதுக்குள் இந்தச் சிகிச்சைக்கு ஆளாகக்கூடியோர் 16,000 பேர். நாடு முழுவதும் மத ஆலோசகரிடம் ஆளாகக்கூடியோர் 57,000 பேர். பெரிய எண் சட்டத்துக்கு வெளியே நிற்கிறது.

அதை எட்டுவதற்கு வேறொரு வாசலும் தட்டப்பட்டது: நுகர்வோர் சட்டம். மாற்றித் தருவதாக வாக்களித்துப் பணம் வாங்குவது ஏமாற்று வணிகம் என்று நியூ ஜெர்சியில் 'ஜோனா' என்ற அமைப்பின் மீது வழக்கு நடந்தது. 2015 ஜூனில் ஜூரி ஒருமனதாக அமைப்புக்கு எதிராக முடிவு செய்தது. தன்பாலீர்ப்பை ஒரு கோளாறு என்று சொல்லி விற்பதே பொய்யுரை என்று விசாரணை நீதிபதி முன்னதாகவே அறிவித்திருந்தார். இத்தருக்கத்தை வயது வந்தோருக்கும் நீட்டக் கலிபோர்னியாவில் 2018இல் ஒரு மசோதா வந்தது. இரு அவைகளிலும் ஆதரவு பெற்று இறுதிக் கட்டத்தில் இருந்ததை, மத அமைப்புகளோடு பேசிய பின் கொண்டுவந்தவரே திரும்பப் பெற்றார். நியூ யார்க் நகரம் 2017இல் இயற்றிய இத்தகைய சட்டத்தை, வழக்கில் தோற்றுப் பெரிய முன்தீர்ப்பு உருவாகிவிடும் என்ற அச்சத்தில், 2019இல் தானே நீக்கியது.

உரிமத்தின் இந்த எல்லை இந்தியாவிலும் தெரிகிறது. சென்னை உயர் நீதிமன்றம் 2021 ஜூனில் சுஷ்மா வழக்கில் இத்தகைய சிகிச்சை முயற்சிகளைத் தடைசெய்தது. அதைத் தொடர்ந்து தேசிய மருத்துவ ஆணையம் 2022இல் இதைத் தொழில் ஒழுங்கீனம் என்று மாநில மருத்துவ மன்றங்களுக்கு அறிவித்தது. கலிபோர்னியாவின் 865ஆம் பிரிவில் உள்ள அதே சொல். வயது வரம்பு மட்டும் இங்கு இல்லை. பூசாரியும் மந்திரவாதியும் இங்கும் அந்தச் சொல்லுக்கு வெளியேதான் இருக்கிறார்கள்.

தூண் சரிகிறது

2018 ஜூனில் உச்ச நீதிமன்றம் வேறொரு வழக்கில் தீர்ப்புச் சொன்னது. கருக்கலைப்பை எதிர்க்கும் கர்ப்பிணிகள் ஆலோசனை மையங்கள் அரசின் அறிவிப்புகளை ஒட்டிவைக்க வேண்டும் என்ற கலிபோர்னியாச் சட்டம் பற்றியது அது. மாற்றுவிப்புச் சிகிச்சைக்கும் அதற்கும் நேர்த் தொடர்பு எதுவும் இல்லை. ஆனால் தீர்ப்பை எழுதிய நீதிபதி கிளாரன்ஸ் தாமஸ், 'தொழில்முறைப் பேச்சு' என்று குறைந்த பாதுகாப்புள்ள தனி வகை ஒன்றைத் தாங்கள் அங்கீகரித்ததில்லை என்றார். அப்படி அங்கீகரித்த தீர்ப்புகள் என்று பிக்கப்பையும் கிங்கையும் பெயர் சொல்லியே குறிப்பிட்டார். உரிமம் பெற்றதனால் ஒருவரின் பேச்சுரிமை சுருங்கிவிடாது என்பது இதன் உட்பொருள். கிங் தூண் அன்றே விழுந்தது. பிக்கப் தூணில் விரிசல்.

இரண்டு ஆண்டுகளில் விரிசல் வெளியே தெரிந்தது. புளோரிடாவின் போகா ரட்டோன் நகரமும் பாம் பீச் மாவட்டமும் இயற்றிய தடைகளைப் பதினோராம் வட்ட நீதிமன்றம் 2020 நவம்பரில், இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில், நிறுத்தியது. ஒன்பதாம் வட்டமோ 2022இல் டிங்லி வழக்கில் வாஷிங்டன் மாநிலச் சட்டத்தைத் தன் பழைய வழியிலேயே உறுதிசெய்தது. அதை உச்ச நீதிமன்றம் 2023 டிசம்பரில் விசாரிக்க மறுத்தபோது நீதிபதிகள் தாமசும் அலிட்டோவும் எதிர்ப்பு எழுதினர். நீதிபதி கவனாவும் விசாரிக்க வேண்டும் என்ற பக்கம் நின்றார். மூவர் ஆயிற்று. ஒரு வழக்கை விசாரணைக்கு ஏற்க நால்வர் போதும்.

நாலாவது குரல் கொலராடோ வழக்கில் வந்தது. 2019இல் ஆளுநர் ஜாரெட் போலிஸ் கையெழுத்திட்ட அந்த மாநிலச் சட்டம், ஒவ்வொரு மீறலுக்கும் 5,000 டாலர் வரை அபராதமும் உரிமப் பறிப்பும் விதிக்க இடம் தருகிறது. ஆறு ஆண்டுகளில் அதன்கீழ் எவர் மீதும் நடவடிக்கை எடுக்கப்படவில்லை. கொலராடோ ஸ்பிரிங்சைச் சேர்ந்த உரிமம் பெற்ற கிறித்தவ ஆலோசகர் ஒருவர் தொடுத்த சைல்ஸ் எதிர் சலசார் வழக்கில், பத்தாம் வட்டம் 2024இல் இரண்டுக்கு ஒன்று என்று சட்டத்தைக் காத்தது. 2025 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அதை விசாரணைக்கு ஏற்றது.

அக்டோபர் 7ஆம் தேதி வாதம் நடந்தது. மனுதாரர் செய்வதெல்லாம் பேச்சு மட்டுமே, மருந்தில்லை, கருவியில்லை, தானாக வரும் சிறாரோடு மட்டுமே பேசுகிறார் என்றது ஒரு தரப்பு. டிரம்ப் அரசின் வழக்கறிஞரும் அந்தப் பக்கமே பேசினார். பயனற்றது, தீங்கானது என்று துறையே ஒதுக்கிய சிகிச்சையை உரிமத்தின் நிழலில் செய்வதைத் தடுப்பது மாநிலங்களின் நெடுநாள் அதிகாரம் என்றது கொலராடோ. தன் ஈர்ப்பை ஏற்றுக்கொள்ள உதவி கேட்கும் பையனுக்கு உதவலாம், அதைக் குறைக்க உதவி கேட்கும் பையனுக்கு உதவக் கூடாது என்றால் அது ஒரு கருத்தின் பக்கம் சாய்வது ஆகாதா என்று அலிட்டோ கேட்டார். தாராளவாதப் பிரிவைச் சேர்ந்த எலீனா கேகனின் கேள்வியும் ஏறத்தாழ அதே இடத்தைத் தொட்டது.

நீதிபதி கெடான்ஜி பிரௌன் ஜாக்சன் வேறு முனையிலிருந்து வந்தார். நான்கு மாதங்களுக்கு முன்புதான் இதே நீதிமன்றம், சிறாருக்குப் பாலின மாற்ற மருந்துகளைத் தடைசெய்த டென்னசிச் சட்டத்தை ஆறுக்கு மூன்று என்று ஏற்றிருந்தது. ஒரு மாநிலம் தன் உரிமம் பெற்ற மருத்துவரிடம் ஊசியைப் போடாதே என்று சொல்லலாம் என்றால், இன்னொரு மாநிலம் தன் உரிமம் பெற்ற ஆலோசகரிடம் இந்தச் சிகிச்சையைச் செய்யாதே என்று ஏன் சொல்லக் கூடாது என்பது அவர் கேட்டதன் சாரம்.